பிசிறு

திருப்பூரில் எனக்குக் கட்டிங் வேலை.
மொரீஷியஸ் வந்து ஃபீனிக்ஸிலும் அதுவே.
அதே மேசை, அதே கத்தி, அதே பனியன் துணி.
சுற்றிலும் கேட்கிற பேச்சு மட்டும் வேறு.

ஏஜென்ட் கொடுத்த சின்னப் புத்தகத்தில்
இருநூறு சொல் இருந்தது, எண் போட்டு.
விமானத்தில் எழுபது வரை உருப்போட்டேன்.
பாஸ்போர்ட்டில் முத்திரை விழுவதற்குள்
எழுபதும் உதிர்ந்துவிட்டது.

ஒட்டியது வேறு.

முதலில் ஒரு கெட்ட வார்த்தை.
மிஷினில் ஊசி முறியும்போதெல்லாம்
தெசிரே அதைச் சொல்வான்,
சாமியிடம் முறையிடுவதுபோல் மெல்ல.
ஊசிக்குத்தான் அந்தப் பெயர் என்று நினைத்து
ஸ்டோருக்குப் போய்
அதில் பத்து வேண்டும் என்றேன்.

அப்புறம் 'லாப்ளி'.
க்யூர்பிப் பக்கம் மேகம் கறுத்தால்
பெண்கள் எழுந்து ஓடுவார்கள்,
லாப்ளி லாப்ளி என்று ஜன்னலைச் சாத்த.
ஒரு மாதம் எனக்கு அது ஜன்னலாகவே இருந்தது.
ஒருநாள் பஸ் நிறுத்தத்தில்,
ஜன்னலே இல்லாத இடத்தில்,
ஒருத்தி உள்ளங்கையை நீட்டிப் பார்த்து
'லாப்ளி' என்றாள்.
நனைந்துகொண்டே திருத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை, காத்ர் போர்ன் சந்தை.
'பிபங்காய்' என்றாள் காய்க்காரி.
பீர்க்கங்காய் என்றேன்.
அதைத்தானே சொன்னேன் என்பதுபோல்
எடை போட்டுக் கொடுத்தாள்.
எந்தக் கரும்புக் காட்டில்
யார் வாயிலிருந்து யார் காதில் விழுந்ததோ.
நடுவில் இருந்த எலும்பு தேய்ந்து
காய் மட்டும் முழுசாக வந்திருக்கிறது.

ஜோஸ்லின் பிசிறு வெட்டுகிறவள்.
அவள் மகன் பள்ளியில் பிரெஞ்சு படிக்கிறான்.
அவன் கண்டுபிடித்ததை எனக்குச் சொன்னாள்,
பாதி சைகையில், பாதி இங்கிலீஷில்,
மிச்சம் நானே ஊகித்தது:
நட்சத்திரத்தை 'ஸெத்வால்' என்கிறோமே,
அந்த 'ஸ' நட்சத்திரத்துடையது இல்லையாம்,
முன்னால் போன சொல்லின் வாலாம்.
'திலோ'வில் லோதான் தண்ணீராம், தி சும்மாவாம்.
புத்தகம் இல்லாதவர்கள்
காதால் பிடுங்கி எடுத்த பாஷை,
நூலோடு வந்துவிட்டது.

சொல்லிக்கொண்டே
ஒரு கழுத்துப்பட்டையில் தொங்கிய நூலைக் கத்தரித்தாள்.
அந்த நூலை மட்டும் ஏன் யாரும் வெட்டவில்லை
என்று கேட்க ஆசை. சொல் போதவில்லை.
இருந்ததை வைத்து,
'ஸெத்வால் கொரெக்' என்றேன்.
நட்சத்திரம் சரியாகத்தான் இருக்கிறது.
இரண்டு கத்தரிக்கோலும் ஒரு நிமிடம் சிரித்தன.

ஷிப்ட் முடிந்ததும்
கம்ப்ரசர் காற்றை உடம்பெல்லாம் அடித்துப்
பஞ்சைப் போக்குவோம்.
பஞ்சு போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோகிலவாணியோடு வீடியோ கால்.
சிக்னல் அறுகிறபோதெல்லாம்
'தாலேர்' என்று சொல்லி வைப்பேனாம்,
கொஞ்ச நேரத்தில் பேசுகிறேன் என்பதற்கு.
சொன்னதாக எனக்கே நினைவில்லை.
போன வாரம் அவள் பின்னால்
பால்காரர் பாக்கி கேட்டு நின்றார்.
திரும்பாமலே சொன்னாள்: தாலேர்.

கடலையே பார்த்திராதவள்.

நித்திலன் அதைப் பள்ளிக்கூடம் வரைக்கும்
கொண்டுபோய்விட்டான்.
வீட்டுப்பாடம் எங்கே என்ற மிஸ்ஸிடம்
'தாலேர் மிஸ்.'
மிஸ்ஸுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம்.
ஏதோ கொங்குச் சொல் என்று
விட்டுவிட்டாராம்.

எப்பங்க வர்றீங்க, என்றாள் நேற்று.
வாயில் அது தயாராக நின்றது.
விழுங்கிவிட்டு,
இன்னும் பதினாலு மாசம் என்றேன்,
விரல்விட்டு எண்ணி,
தமிழில்.